கல்வெட்டில் விடுபட்ட மருமகன்

நான் நல்ல பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு ஒருவரும் "ஐயோ, இந்தப் பெட்டை இப்படியும் செய்யலாமோ?" என்று வாயில் கைவைக்கத் தேவையில்லை. செய்தேன். நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சுக்குள் குளிர்கிறது.

வுப்பர்டாலில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு வேலை. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை அங்கேயே செய்து, அங்கேயே வேலைக்கும் ஒட்டிக்கொண்டவள். பக்கங்களை வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அந்த நாளில் எங்கள் பக்கத்து அச்சகங்களில் தமிழ் எழுத்து இருந்தது என்னுடைய கணினியில் மட்டும்தான். அதனால் எங்கள் சனத்தின் கலியாணக் கார்ட், பெட்டைகள் பெரியபிள்ளையானால் அடிக்கிற சாமத்தியக் கார்ட் எல்லாம் என் கையால்தான் போகும். கல்வெட்டும் அப்படித்தான்.

கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஒருவர் செத்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற புத்தகம். முன்னுக்குப் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, ஒவ்வொரு உறவும் அழுகிற மாதிரிப் புலம்பல் பாட்டு. கடைசியில் வம்ச விபரம். யாருக்கு யார் பிள்ளை, யார் யாரைக் கட்டியது, மருமகன் என்ன உத்தியோகம் என்று கிளை கிளையாகப் போட்டிருக்கும். புலம்பலை ஒருவரும் வாசிப்பதில்லை. எல்லாரும் நேரே கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார்கள், தங்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க. விடுபட்டிருந்தால் அந்த வீட்டோடு பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் நகரத்தில் கல்வெட்டு எழுதுகிறவர் ஒருவர்தான். ஊரில் படிப்பித்தவர். எல்லாரும் மாஸ்ரர் என்போம். தமிழ்ச் சங்கத்தின் செயலாளரும் அவரே. யார் என்ன சாதனை செய்தார்கள், யாருடைய பரம்பரை எது என்று அவர் எழுதினால் அது எழுதினதுதான்.

இனி அப்பா. எழுபதுகளின் கடைசியில் இந்த நகரத்துக்கு வந்த முதல் தமிழர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. மற்றவரை அப்பா 'கூட்டாளி' என்றே சொல்வார். இருவரும் ஒரே ஊர், ஹைம் என்கிற அகதி விடுதியில் ஒரே அறை. அந்தக் கூட்டாளி வந்த கொஞ்சக் காலத்திலேயே மாரடைப்பில் போய்விட்டாராம். அறையின் ஹீட்டருக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே மாதிரி நீளக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிற படம் ஒன்று எங்கள் அல்பத்தில் இருந்தது. அதற்குமேல் அப்பா ஒன்றும் சொன்னதில்லை. அவர் ஒரு ஆயுதத் தொழிற்சாலைக்காரர். ஆயுதம் என்றால் சுத்தியல், குறடு. யாரோடும் ஒரு வம்புக்கும் போகாத மனிதர். ஒரு கதவைக்கூட அடித்துச் சாத்தமாட்டார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் சங்கம் ஆண்டுவிழா மலர் ஒன்று போட்டது. அச்சடித்தது எங்கள் அச்சகம்தான். ஆனால் நான் அப்போது பிள்ளைப்பேற்று விடுமுறையில் இருந்தேன். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத என் ஜெர்மன் சகதொழிலாளிதான், மாஸ்ரர் கொடுத்த பக்கங்களை வாங்கி அடித்துக் கொடுத்தாள்.

விழாவில் அப்பாவை மேடையில் ஏற்றி, 'முதல் தமிழர்' என்று பொன்னாடை போர்த்தி, மலரின் முதல் பிரதியைக் கையில் கொடுத்தார்கள். கொடுத்தது மாஸ்ரர். வீட்டுக்கு வந்துதான் அப்பா அதை விரித்தார். அவருடைய படம். பக்கத்தில் "இலங்கை இராணுவத்தில் சாரதியாகக் கடமையாற்றி விலகியவர்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ஆதாரமாம், இராணுவம் கொடுத்த பழைய விலகல் பத்திரத்தின் படம். அதில் அப்பாவின் பெயர். முதலெழுத்தும் அதே. ஊரும் அதே.

அந்த வருடங்களில் எங்கள் சனத்துக்கு இராணுவம், எங்கள் வாயில் 'ஆமி', என்பது என்ன சொல் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் ஆமி கொன்ற ஒருவராவது சுவரில் மாலையோடு இருந்தார். அப்படிப்பட்ட வீடுகளுக்குள்ளே அப்பாவை ஆமிக்காரன் என்று அச்சடித்து, வீட்டுக்கு ஒன்றாக அனுப்பிவைத்தார் மாஸ்ரர்.

அப்பா ஒருநாளும் ஆமியில் இருந்ததில்லை. சீமெந்துத் தொழிற்சாலையில் ஃபிற்றராக இருந்தவர். நான் துள்ளிக் குதித்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"விடு பிள்ளை. அச்சடிச்சாச்சு. இனி என்ன செய்ய ஏலும்?"

"நான் அச்சடிக்கிறவள். என்ன செய்ய ஏலும் எண்டு எனக்குத் தெரியும்."

"விடு எண்டு சொல்லுறன்," என்றார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் விடவில்லை. மாஸ்ரருக்குப் போன் எடுத்தேன். அவர் குரலில் பதற்றமே இல்லை.

"பிள்ளை, நான் என்ரபாட்டுக்கு எழுதேல்லை. ஆதாரம் இருக்கு. பேப்பரைப் பாத்தனீரோ? பேர் இருக்கு, ஊர் இருக்கு. இனி என்ன வேணும்?"

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் பெரிய சத்தத்தோடு நடக்கவில்லை. தம்பிக்குப் பேசிவந்த சம்மந்தம், பொருத்தம் எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, "சாத்திரி இன்னொருக்கா யோசிக்கச் சொல்லுறார்" என்று நின்றுபோனது. கோயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் கால் நோகுது என்று எழும்பிப் போய் வேறிடத்தில் இருந்தார்கள். அப்பா கோயிலுக்குப் போவதை விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில், எங்கள் நகரத்தில் ஆற்றுக்கு மேலேயே ஓடுகிற தொங்கு ரயிலில் ஏறி ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தத்துக்குப் போய், திரும்பி வருவார். கேட்டால், "சும்மா ஆத்தைப் பாக்கப் போனனான்" என்பார். ஒரு வருடம் முடியவில்லை. அதே ரயிலில், இருந்த இருக்கையிலேயே சாய்ந்துவிட்டார்.

முதல் தமிழரின் செத்த வீட்டுக்கு நாற்பது பேர்கூட வரவில்லை. வந்தவர்களிலும் பாதி அவரோடு வேலை செய்த துருக்கிக்காரரும் ஜெர்மன்காரரும். மாஸ்ரர் மட்டும் ஒரு மலர்வளையத்தோடு வந்து பெட்டிக்கு முன்னால் கண்ணைத் துடைத்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தபடியால் அன்றைக்கு அந்த வளையம் அவருடைய கழுத்தில் விழவில்லை. பார்த்துக்கொள், உன்னுடைய எழுத்தாலேயே உன்னை நாறடிக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். சொன்னால் சொன்னதுதான் நான்.

முதலில் ஜெர்மன்காரன் வழியில் போனேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டேர்மீன் என்கிற சந்திப்பு நேரம் எடுத்து, மகள் என்று நிரூபித்து, அப்பாவின் பழைய கோப்பைப் பார்த்துப் பிரதி வாங்கினேன். அகதி விசாரணையில் அப்பா சொன்னது அதில் அப்படியே தட்டச்சில் இருந்தது: தொழில் ஃபிற்றர், இராணுவ சேவை இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்கு ஓடினேன். ஒரு அண்ணை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, அந்த நாளையில விசாரணையில ஆர் உண்மை சொன்னது? நான் என்ர கையில இருந்த மாட்டுக்கொம்புக் காயத்தைக் காட்டி, ஆமி வெட்டினது எண்டு சொன்னனான்."

கூட்டம் முழுவதும் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. ஜெர்மன்காரனுடைய முத்திரைக்கு எங்கள் சனத்திடம் ஒரு மதிப்பும் இல்லை. எங்கள் சனம் நம்புகிற ஆவணம் ஒன்றே ஒன்றுதான். கல்வெட்டு.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே ஆண்டுமலரின் கோப்புறையைத் திறந்தேன். அந்தப் பத்திரத்தின் படத்தை மலரில் பார்த்த நேரமே ஏதோ உறுத்தியிருந்தது. கீழ்ப்பக்க ஓரம் மற்ற மூன்று ஓரங்களைப்போல் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வெட்டின படம் பார்த்த உடனே தெரியும். கோப்புறையில் முழுப் படமும் அப்படியே கிடந்தது. பத்திரத்தின் கீழ்ப்பாதியில் 'நெருங்கிய உறவு' என்று ஒரு கட்டம். மனைவி என்று போட்டு, ஒரு பெண்ணின் பெயர். பத்திரம் கொடுத்த திகதியும் அந்தக் கீழ்ப்பாதியில்தான் இருந்தது; அந்த ஆண்டில் அப்பா மீசை முளைக்காத பெடியன்.

சகதொழிலாளியைக் கேட்டேன். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பெரியவர் விரலை வைத்து, "இதுவரைக்கும் போதும், கீழே வேண்டாம்" என்று காட்டினாராம்.

அப்பாவின் பெயர் எங்கள் ஊர்க் கோயிலில் இருக்கிற சாமியின் பெயர். அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவருக்கு அந்தப் பெயர்தான். ஆகவே அதே பெயரோடு இன்னொரு மனிதர் இருந்திருக்கிறார், அவருக்கு ஒரு மனைவி இருந்திருக்கிறாள், அதை மறைப்பதற்கு மாஸ்ரருக்கு ஒரு காரணமும் இருந்திருக்கிறது. கள்ளன். தெரிந்தே செய்திருக்கிறான். அன்றைக்கு இருந்த கோபத்தில் ஒரு கடைக்காரனின் விளம்பரத்தில் கோழிக்குப் பதில் மாட்டின் படத்தைப் போட்டுவிட்டேன்.

பிறகு கல்வெட்டு வேட்டை. நான் வடிவமைத்த கல்வெட்டுகள் எல்லாம் இறுவட்டில் இருந்தன. மற்றவற்றுக்கு வீடு வீடாகப் போனேன். "பிள்ளைக்குப் பரம்பரை எழுதப்போறன்" என்று பொய் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்து, அலுமாரிக்கு மேலே துணியில் சுற்றி வைத்திருந்ததை எல்லாம் இறக்கித் தந்தார்கள். ஆறு மாதத்தில் இந்த நகரத்தில் யாருடைய பெரியப்பா யாருடைய மாமியை இரண்டாம் தாரமாகக் கட்டினார் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த மனைவியின் பெயர் மட்டும் அகப்படவில்லை.

அது இருந்ததோ என் சொந்தக் கையால் செய்த கல்வெட்டில். பயிற்சிக் காலத்தில் நான் முதன்முதலாக வடிவமைத்தது, மாஸ்ரருடைய தாயாரின் கல்வெட்டு. வம்ச விபரத்தில் மாஸ்ரரின் அக்காவுடைய பெயருக்குப் பக்கத்தில் கணவனுடைய இடம் வெறுமையாக இருந்தது. அக்காவின் பெயர், பத்திரத்தின் கீழ்ப்பாதியில் இருந்த அதே பெயர். அன்றைக்கு நான், "மாஸ்ரர், மருமகன்ர பேர் விடுபட்டுப் போச்சு" என்று கேட்டதும், அவர், "அது தேவையில்லை பிள்ளை, அவர் ஊரிலயே மோசம் போயிட்டார்" என்று சொன்னதும் அப்படியே நினைவுக்கு வந்தன. செத்த மருமகனைக் கல்வெட்டில் போடுவதில்லை என்று எந்த ஊரில் வழக்கம்? செத்தவர்களுக்குத்தானே கல்வெட்டே!

ஆனால் வெறுமையான இடத்தைக் காட்டி யாரையும் நம்பவைக்க ஏலாது. அப்போது யுத்தநிறுத்தம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் சின்னம்மாவுக்குப் போன் எடுத்து, மாஸ்ரரின் தகப்பனாருடைய கல்வெட்டு எங்கேயாவது இருக்குமா என்று கேட்டேன். அவர் அறுபதுகளில் போனவர். சின்னம்மா இரண்டு மாதம் ஊர் முழுக்க விசாரித்து ஒரு பிரதியைப் பிடித்து, ஜெர்மனிக்கு வந்த ஒருவரிடம் மிளகாய்த்தூள் பொதிக்குள் வைத்து அனுப்பினாள். தும்மித் தும்மித்தான் கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

மருமகன் என்று போட்டு, அப்பாவின் அதே பெயர். அதற்குப் பக்கத்தில் 'இலங்கை இராணுவம்' என்று தடித்த எழுத்தில். அந்தக் காலத்தில் அது கவர்மெண்ட் உத்தியோகம். மருமகன் ஆமியில் என்று பெருமையாகத் தடித்த எழுத்தில் போட்ட குடும்பம், முப்பது வருடம் கழித்து ஆளையே இல்லாமல் செய்து, அவருடைய ஆமியைத் தூக்கி என் அப்பாவின் தலையில் கட்டிவிட்டது.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா அந்தப் பெயரைக் கனநேரம் பார்த்துவிட்டு எழும்பிப் போய் அல்பத்தை எடுத்துவந்தாள். நீளக் கோட்டோடு நின்ற கூட்டாளியைத் தொட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பேர் எண்டு ஹைமில தபால்காரன் ஏசுவானாம். அப்பா ஒருக்கா சொன்னவர்," என்றாள்.

அடுத்த நாளே இரண்டு கல்வெட்டையும் கொண்டுபோய்ச் சங்கத்தில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. கூட்டத்தில் காட்டினால் கூட்டத்தோடு முடிந்துவிடும், மாஸ்ரர் ஏதாவது கதைத்துச் சமாளிப்பார். எனக்கு அது போதாது. அவர் எழுதிய பக்கத்தில், அவருடைய கையெழுத்தோடு, எல்லார் வீட்டு அலுமாரியிலும் அது ஏறவேண்டும். மாஸ்ரரின் அக்கா அப்போது படுக்கையில் இருந்தார். பாருங்கள் என் குணத்தை. ஒரு கிழவியின் சாவுக்குக் காத்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் போனார். மாஸ்ரர் கல்வெட்டை எழுதிக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். வேறு எங்கே போவார்? வம்ச விபரத்தில் அக்காவுக்குப் பக்கத்து இடம் மறுபடியும் வெறுமை. நான் வாயே திறக்கவில்லை. "ஓம் மாஸ்ரர், வடிவாச் செய்து தாறன்" என்றேன். தகப்பனாரின் கல்வெட்டில் இருந்ததை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அந்த இடத்தில் போட்டேன். கணவர் என்று பெயர். பக்கத்தில் 'இலங்கை இராணுவம்', தடித்த எழுத்தில். கீழே என் பங்குக்கு ஒரு வரி: 'இந்நகரின் முதல் தமிழர் இருவரில் ஒருவர்.' எதிர்ப்பக்கத்தில் ஹைமில் எடுத்த படம், கூட்டாளியின் பக்கம் மட்டும். வெட்டுவதற்கு எனக்கும் தெரியும்.

முழுப் பிரதியையும் அவர் கையிலேயே கொடுத்தேன். வாசித்து, சரி என்று கையெழுத்து வைத்தால்தான் அச்சுக்குப் போகும். அது அச்சகத்தின் சட்டம். அவர் முன்னுரையையும் தன்னுடைய புலம்பல் பாட்டையும் மட்டும் ரசித்து ரசித்து வாசித்தார். கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும், "இது நான் எழுதினதுதானே" என்று சொல்லிக் கையெழுத்தை வைத்துவிட்டுப் போனார்.

அந்தியேட்டி மண்டபத்துக்கு நானும் போனேன். சாப்பாடு முடிந்து கல்வெட்டைக் கொடுத்தார்கள். முந்நூறு பேரும் முந்நூறு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்கள். முதலில் ஒரு மேசை அடங்கியது, பிறகு அடுத்தது. மாஸ்ரர் ஒருவரின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். முகம் சாம்பலானது. நிமிர்ந்து மண்டபத்தில் என்னைத் தேடினார். நான் ஒளிக்கவில்லை. வாழைப்பழத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, நன்றாகப் பார் என்று நின்றேன். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து எழும்பிப் போனவர்கள் இப்போது மாஸ்ரருக்குப் பக்கத்திலிருந்து எழும்பினார்கள். கால் நோவாம்.

அவர் அக்காவின் இளைய மகள் என்னை நோக்கி வந்தாள். என் வயதுதான் இருக்கும். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து நானும் தயாராக நின்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அப்பான்ர பேரையும் அம்மான்ர பேரையும் ஒண்டா அச்சில இண்டைக்குத்தான் பாக்கிறன். அப்பான்ர சாம்பல் வைச்ச இடமும் இப்ப இல்லை அக்கா. இஞ்ச சுடலையில இடம் வாடகைக்குத்தானே, தவணை முடிஞ்சு வேற ஆக்களுக்குக் குடுத்திட்டாங்கள். இந்தப் பக்கம்தான் இருக்கு."

பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து அவளை இருத்தினேன். அவள் தொடர்ந்தாள்.

"என்ர அக்காவுக்குக் கலியாணம் பேசேக்க, முதல் வந்த ரெண்டு பேரில ஒராள் ஆமியாமே, அது உங்கட ஆளோ எண்டு மாப்பிளை வீட்டார் கேட்டவை. அதுக்குத்தான் மாமா உங்கட அப்பான்ர பேரில போட்டது. புத்தகம் வந்த பிறகு மாமா உங்கட அப்பாவைப் போய்ப் பாத்தவர். அம்மா உயிரோட இருக்குமட்டும் சொல்லாதேங்கோ எண்டு கேட்டவர். உங்கட அப்பா ஓம் எண்டவராம்."

ஓம் என்றவராம். கேட்டதும் ஓம் என்றுவிட்டு, வீட்டில் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், தொங்கு ரயிலில் ஏறிப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு செத்துப்போயிருக்கிறார் அந்த மனிதர். மாஸ்ரர் மேல் இருந்ததைவிட அந்த நிமிடத்தில் எனக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் அது முழுவதும் ஆறவில்லை. கிழவி போகும்வரை நான் காத்திருந்தது பழிக்காக. அது அப்பா கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதாக முடிந்தது. அவளுக்காக நான் இதைச் செய்யவில்லை என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. படத்தின் முழுப் பிரதி ஒன்று தருவதாகச் சொன்னேன்.

வீட்டில் அம்மா கேட்டாள், "ஆறிச்சோ உனக்கு?"

"இல்லை," என்றேன்.

திங்கட்கிழமை காலை மாஸ்ரர் அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, அப்பாவின்ர விசயத்தில ஒரு திருத்தம் போடவேணும். அடுத்த மலரில முதல் பக்கத்தில போடுவம்" என்றார். வெள்ளைத்தாளையும் பேனையையும் தள்ளினேன். "எழுதுங்கோ மாஸ்ரர். நீங்கள்தானே எங்களுக்கு எழுதிறது."

நின்றபடி எழுதினார். அழகான கையெழுத்து அவருக்கு. அப்பா ஒருபோதும் இராணுவத்தில் இருந்ததில்லை, அந்தப் பத்திரம் தன் அத்தானுடையது என்று எழுதி, "தெரியாமல் நடந்த இத்தவறுக்கு மனம் வருந்துகிறேன்" என்று முடித்திருந்தார்.

நான் சிவப்புப் பேனையை எடுத்து 'தெரியாமல்' என்ற சொல்லை வெட்டினேன். தாளை அவர் பக்கம் திருப்பி, வெட்டினதற்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. இந்தமுறை வாசிச்சிட்டு வையுங்கோ."

வாசித்தார். வைத்தார்.